வேடந்தாங்கல்: 73 ஏக்கர் ஏரிக்கு 5 கிலோமீட்டர் வட்டம் எதற்கு?

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில், சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது வேடந்தாங்கல். அங்குள்ள ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர் மட்டுமே, அதாவது ஏறக்குறைய 73 ஏக்கர். கரையில் மெதுவாக நடந்தாலும் சிறிது நேரத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்றுவிடலாம். ஆனால், 1998ஆம் ஆண்டு தமிழக அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, இந்த ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரம் கொண்ட வட்டம் முழுவதும் பறவைகள் சரணாலயமாகும். கணக்கிட்டுப் பார்த்தால் அந்த வட்டத்தின் பரப்பு 78 சதுர கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். ஏரியைப் போல ஏறத்தாழ 260 மடங்கு.

பறவைகள் தங்குவது ஏரியில். அப்படியிருக்க, ஊர்கள், நெல்வயல்கள், சாலைகள், ஆலைகள் அடங்கிய இவ்வளவு பெரிய நிலப்பரப்பு எதற்காகச் சரணாலயத்துக்குள் வர வேண்டும்? 2020ஆம் ஆண்டு இந்த எல்லையைச் சுருக்கும் யோசனை எழுந்தபோது பலரும் கேட்ட கேள்வி இது. இதற்கான விடை பறவைகளின் உணவுப் பழக்கத்திலும், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அவற்றைக் காத்துவரும் ஒரு கிராமத்தின் வரலாற்றிலும் இருக்கிறது.

வேடர்களின் தாங்கல்

'தாங்கல்' என்பது பழைய தொண்டை மண்டலப் பகுதியில் சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். சென்னையைச் சுற்றிலும் தாங்கல் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் இன்றும் உண்டு. அவற்றுள் பலவற்றில் பெயர் மட்டுமே எஞ்சியிருக்கிறது, நீர் இல்லை. வேடர்களின் தாங்கல் என்பதே வேடந்தாங்கல் ஆயிற்று என்பது பரவலான விளக்கம். 18ஆம் நூற்றாண்டில் அப்பகுதி நிலக்கிழார்கள் பறவை வேட்டைக்கு வந்துசென்ற இடமாக இது இருந்துள்ளது. நாட்டின் மிகப் பழைய பறவைக் காப்பிடங்களுள் ஒன்றாகக் கருதப்படும் ஊரின் பெயர், வேட்டையாடியவர்களின் பெயராகவே நிலைத்துவிட்டது.

மற்ற பாசன ஏரிகளைப் போன்றதே இதுவும். ஒரு பக்கம் கரை, மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக் கால்வாய்கள், வயலுக்கு நீர் விடும் மதகு. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும், கோடையில் வற்றும். இதன் தனித்தன்மை ஏரிக்குள்ளே நிற்கும் மரங்களில் உள்ளது. நீர்க்கடம்பு என்ற மரம், அடிமரம் மாதக்கணக்கில் நீரில் மூழ்கி நின்றாலும் அழுகாமல் தழைக்கக்கூடியது. அதனுடன் கருவேல மரங்களும் நிற்கின்றன. ஏரி நிரம்பியதும் இம்மரங்கள் சிறுசிறு தீவுகளாகிவிடும். காட்டுப்பூனை, நாய், மனிதர் எவரும் எளிதில் நெருங்க இயலாது. கூடு கட்டும் பறவைக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் சமவெளியில் அரிது.

நீர் குறைந்து மரத்தடி வெளியே தெரியத் தொடங்கினால் இந்தப் பாதுகாப்பும் போய்விடும். மழை பொய்த்த ஆண்டுகளில் பறவைகள் வருவதே இல்லை, அல்லது பெயரளவுக்கு வந்து திரும்பிவிடுகின்றன என்பதற்குக் காரணம் இதுவே. நல்ல மழை பெய்த ஆண்டுகளில், ஒரு பருவத்தில் வரும் பறவைகளின் எண்ணிக்கை 30 ஆயிரத்தைத் தாண்டுகிறது.

யார் யார் வருகிறார்கள்?

வேடந்தாங்கல் என்றதும் வெளிநாட்டுப் பறவைகள் என்ற எண்ணமே பலருக்கும் தோன்றும். பள்ளிப் பாடநூல்களும், நம்மைப் போன்ற செய்தித் தளங்களும் 'சைபீரியாவில் இருந்து' என்ற தொடரை விடாமல் எழுதி வந்ததன் விளைவு அது. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் போன்ற வாத்து இனங்கள் வட ஆசியாவிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வருவது உண்மையே. ஆனால் அவை இங்கு கூடு கட்டுவதில்லை. இரை உண்டு, ஓய்வெடுத்து, கோடை நெருங்கும்போது வடக்கே திரும்பிவிடும்.

வேடந்தாங்கலின் உண்மையான குடித்தனக்காரர்கள் நம் நாட்டுப் பறவைகள். நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், கூழைக்கடா, சாம்பல் நாரை, வக்கா எனப்படும் இராக்கொக்கு, பாம்புத்தாரா, நீர்க்காக வகைகள், கொக்கு வகைகள் ஆகியவை இங்கு இனப்பெருக்கம் செய்கின்றன. அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஏரியில் நீர் சேரத் தொடங்கியதும் நத்தைகுத்தி நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் வந்து மரங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் சற்றுத் தாமதமாகவே கூடு கட்டத் தொடங்கும். பெரிய பறவைகள் மர உச்சியிலும், சிறிய கொக்குகளும் வக்காக்களும் கீழ்க்கிளைகளிலும் அமர்வது பொதுவான வழக்கம். ஒரே மரத்தில் நான்கைந்து இனங்களின் கூடுகளைக் காணலாம்.

நத்தைகுத்தி நாரையின் அலகைக் கூர்ந்து நோக்கினால், மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் இடையே ஓர் இடைவெளி தெரியும். வாயை மூடினாலும் அது மூடாது. நத்தையைப் பற்றி, ஓட்டிலிருந்து சதையை வெளியே இழுப்பதற்கு ஏற்ற அமைப்பு அது. குஞ்சுகளுக்கு இவ்வலகு நேராகவே இருக்கும். வளர்ந்த பிறகே இடைவெளி உருவாகிறது. கரண்டிவாயன் வேறு வகை. தட்டையான அலகை ஆழமற்ற நீரில் பக்கவாட்டில் அசைத்தபடி நடந்து, அலகில் படும் சிற்றுயிர்களைப் பிடிக்கும். பாம்புத்தாரா நீருக்குள் முழுவதும் மூழ்கி, ஈட்டி போன்ற அலகால் மீனைக் குத்தி எடுக்கும். இவ்வாறு ஒவ்வோர் இனத்துக்கும் இரையும், இரை தேடும் நீரின் ஆழமும் வேறுபடுகின்றன. ஆயிரக்கணக்கான பறவைகள் ஒரே இடத்தில் சண்டையின்றி வாழ முடிவதற்கு இந்த வேறுபாடு முக்கியக் காரணம்.

மாலை நேரத்தில் காவற்கோபுரத்தின் மீது நின்றால் இரண்டு திசைகளிலும் போக்குவரத்தைக் காணலாம். நாரைகளும் கொக்குகளும் கூட்டம் கூட்டமாக ஏரிக்குத் திரும்பும் அதே வேளையில், பகல் முழுவதும் கிளைகளில் உறங்கிய வக்காக்கள் இரை தேடி வெளியே புறப்படும். ஆலைகளில் பணிமுறை மாறும் நேரத்தை இக்காட்சி நினைவூட்டும்.

வீடு இங்கே, அடுக்களை அங்கே

திரும்பி வரும் நாரைகள் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கான விடை. 73 ஏக்கர் ஏரியில் உள்ள மீனும் நத்தையும் இத்தனை ஆயிரம் பறவைகளுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் சில நாட்களுக்குக்கூடப் போதாது. நீர்க்காகம் போன்ற சில இனங்கள் ஏரியிலேயே ஓரளவு மீன் பிடித்தாலும், பெரும்பாலான பறவைகள் பொழுது விடிந்ததும் சுற்றியுள்ள ஏரிகளுக்கும், தாங்கல்களுக்கும், நடவு முடிந்த நெல்வயல்களுக்கும் பறந்து செல்கின்றன. தமிழகத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்றான மதுராந்தகம் ஏரி அதே வட்டத்தில்தான் உள்ளது. 1989இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கரிக்கிளி ஏரிகளும் அருகிலேயே இருக்கின்றன.

குஞ்சு பொரித்த பிறகு தேவை பன்மடங்காகிறது. பெற்றோர் பறவைகளுள் ஒன்று வெயிலிலிருந்து குஞ்சுகளுக்குச் சிறகால் நிழல் தர, மற்றொன்று இரை தேடிச் சென்று வரும். வயலில் நீர் இல்லாமலோ, பூச்சிக்கொல்லியால் நத்தையும் தவளையும் அழிந்தோ போனால், அந்தப் பறவை மேலும் தொலைவுக்குப் பறக்க வேண்டும். பறக்கும் தொலைவு கூடக்கூட, நாளொன்றுக்குக் குஞ்சுகளுக்குக் கொண்டுவரும் உணவின் அளவு குறையும். பசியால் முதலில் இறப்பது, கடைசியாகப் பொரித்த சிறிய குஞ்சு.

ஆகவே, ஏரி என்பது பறவைகளின் வீடு. அதன் அடுக்களை 5 கிலோமீட்டருக்கும் அப்பால் வரை பரந்து கிடக்கிறது. வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அடுக்களையை விற்றுவிட முடியாது.

எச்சம் தரும் உரம்

பறவைகள் வெளியே உண்டு, ஏரிக்குள் எச்சமிடுகின்றன. நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய சத்துகள் நிறைந்த அந்த எச்சம் நீரில் கரைந்து, மதகு வழியாக வயல்களுக்குச் செல்கிறது. இந்நீர் பாயும் வயல்களில் உரச் செலவு குறைவு என்பதை வேடந்தாங்கல் உழவர்கள் தலைமுறைகளாக அறிந்திருக்கின்றனர். வேதியியல் உரம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் இதன் மதிப்பு எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். நத்தைகுத்தி நாரை வயல் நத்தைகளையும், கொக்குகள் பூச்சிகளையும் உண்பது கூடுதல் நன்மை.

பறவைகளிடம் அவ்வூர் மக்கள் காட்டும் பரிவைப் பற்றிப் பேசும்போது இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சிலர் குறிப்பிடத் தயங்குவதுண்டு; பயன் கருதிய அன்பு தாழ்ந்தது என்ற எண்ணம் காரணமாக இருக்கலாம். உண்மையில் இந்த ஏற்பாடு இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணமே அந்தப் பயன்தான். பறவை வந்தால் விளைச்சல், விரட்டப்பட்டால் இழப்பு. இதைப் புரிந்துகொள்ள எந்த விழிப்புணர்வு முகாமும் தேவைப்படவில்லை.

கலெக்டர் தந்த கவுல்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆற்காடு நவாபிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற ஜாகீர் பகுதியாகச் செங்கல்பட்டுச் சீமை இருந்தது. 1794 முதல் 1798 வரை அதன் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். வரி வசூலில் கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவர். அக்காலத்தில் ஆங்கிலேயப் படைவீரர்கள் வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுட்டு வீழ்த்தியதாகவும், கிராம மக்கள் கலெக்டரிடம் சென்று முறையிட்டதாகவும் கூறப்படுகிறது. அதை ஏற்ற பிளேஸ், ஏரியில் பறவைகளை யாரும் சுடக் கூடாது என்றும், அவற்றைக் காக்கும் உரிமை ஊர் மக்களுக்கு உண்டு என்றும் எழுதிக் கொடுத்தார். இது 1798ஆம் ஆண்டில் நிகழ்ந்ததாகப் பொதுவாகக் குறிக்கப்படுகிறது. 1858ஆம் ஆண்டு அந்த உரிமை மாவட்ட ஆட்சியரால் மீண்டும் புதுப்பித்து வழங்கப்பட்டது.

அந்த ஆவணத்தை ஆங்கிலப் பதிவுகள் 'கவுல்' என்ற சொல்லால் குறிக்கின்றன. இன்று இதை மொழிபெயர்ப்பவர்கள் குத்தகை என்றோ, உத்தரவு என்றோ எழுதிவிடுகின்றனர். இரண்டும் முழுமையாகப் பொருந்தவில்லை. அரபியிலிருந்து உருதுவின் வழியாகத் தமிழுக்கு வந்த கவுல் என்ற சொல்லுக்கு, வாக்குறுதி என்பது அடிப்படைப் பொருள். ஆள்வோர் குடிகளுக்கு எழுத்தில் தரும் உறுதிமொழி அது. உத்தரவு மேலிருந்து கீழே வருவது; கவுலில் இரு தரப்பு உண்டு. வேடந்தாங்கல் மக்கள் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதைப் புதுப்பித்துத் தரக் கேட்டுப் பெற்றதைப் பார்க்கும்போது, அவர்கள் அதை உரிமையாகவே கருதியிருந்தனர் என்று கொள்ளலாம். பறவைகளால் விளைச்சல் பெருகினால் வரியும் பெருகும் என்பதைக் கண்டிப்பான கலெக்டர் கணக்கில் கொண்டிருக்கவும் கூடும்.

இதே லயனல் பிளேஸின் பெயர் மற்றோர் ஏரியின் கதையிலும் வருகிறது. மதுராந்தகம் ஏரி பெருமழையில் உடையும் நிலைக்கு வந்தபோது, இராமரும் இலக்குவனும் வில்லேந்தி நின்று கரையைக் காத்ததை இரவில் அவர் கண்டதாகவும், அதனால் அங்குள்ள கோதண்டராமர் கோயிலில் தாயார் சந்நிதியைக் கட்டுவித்ததாகவும் தல வரலாறு கூறுகிறது. 'ஏரி காத்த இராமர்' என்ற பெயர் அதனால் ஏற்பட்டது. கலெக்டரின் பெயரைக் குறிப்பிடும் கல்வெட்டு கோயிலில் உள்ளது. நம்பிக்கை எதுவாயினும், கரை உடையாமல் இருப்பதும் பறவை சுடப்படாமல் இருப்பதும் அப்பகுதி மக்களுக்கு எவ்வளவு பெரிய கவலைகளாக இருந்தன என்பதை இவ்விரு கதைகளும் காட்டுகின்றன.

சட்டத்தின் வருகை

20ஆம் நூற்றாண்டில் பாதுகாப்பு படிப்படியாக அரசின் கைக்கு மாறியது. 1936இல் ஏரி பறவைகள் காப்பிடமாக அங்கீகரிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் வனத்துறை பொறுப்பேற்றது. இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் வேடந்தாங்கல் பற்றித் தொடர்ந்து எழுதி, வெளியுலகின் கவனத்தை ஈர்த்தார். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1998இல் 5 கிலோமீட்டர் வட்டம் சரணாலயமாயிற்று. 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் வேடந்தாங்கல் சேர்க்கப்பட்டது. ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்ட பரப்பு சுமார் 40 ஹெக்டேர்தான் என்பது கவனிக்கத்தக்கது. அதாவது, பன்னாட்டு அங்கீகாரம் வீட்டுக்கு மட்டுமே கிடைத்துள்ளது. அடுக்களையைக் காப்பது 1998ஆம் ஆண்டு அறிவிக்கை மட்டுமே.

அந்த அறிவிக்கையைத்தான் 2020இல் மாற்ற முற்பட்டனர். சரணாலயத்தின் ஆரத்தை 5 கிலோமீட்டரிலிருந்து 3 கிலோமீட்டராகக் குறைக்கும் பரிந்துரையை மாநில வனத்துறை முன்வைத்தது. வட்டத்துக்குள் ஏற்கெனவே இயங்கிவந்த மருந்து ஆலை ஒன்று விரிவாக்க அனுமதி கோரியிருந்த காலம் அது. சூழலியல் அமைப்புகளும் உள்ளூர் மக்களும் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். நீதிமன்றத்திலும் வழக்குத் தொடரப்பட்டது.

அரசு ஆவணங்களில் இந்த யோசனைக்குத் தரப்பட்ட பெயர், தமிழில் 'எல்லைச் சீரமைப்பு' என்று வரும். சீரமைப்பு என்றால் ஒழுங்குபடுத்துவது என்றே வாசிப்பவர் நினைப்பார். செய்திகளிலும் '40 சதவீதக் குறைப்பு' என்றே பெரும்பாலும் வெளியானது. ஆரத்தில் 40 சதவீதம் என்பது சரி. ஆனால், வட்டத்தின் பரப்பு ஆரத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 5 கிலோமீட்டர் ஆரத்துக்குச் சுமார் 78.5 சதுர கிலோமீட்டர். 3 கிலோமீட்டர் ஆரத்துக்குச் சுமார் 28.3 சதுர கிலோமீட்டர். எனவே சரணாலயம் இழக்கவிருந்தது 64 சதவீதம், அதாவது 50 சதுர கிலோமீட்டர் நிலம். மூன்றில் இரண்டு பங்கு அடுக்களை.

சரணாலயத்தின் எல்லையை மாநில அரசு தன் விருப்பப்படி மாற்றிவிட முடியாது. தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை அதற்குத் தேவை என்று 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஏ பிரிவு கூறுகிறது. எதிர்ப்பு வலுத்த நிலையில் அந்த யோசனை நடைமுறைக்கு வரவில்லை. வட்டத்தின் ஆரம் இப்போதும் 5 கிலோமீட்டராகவே உள்ளது.

வட்டத்தின் விளிம்பில் இருப்பவர்கள்

இங்கு ஒரு சிக்கலைக் குறிப்பிட வேண்டும். வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைக் காத்ததற்கு நேரடிப் பயன் இருந்தது. வட்டத்துக்குள் இருக்கும் மற்ற ஊர்களின் நிலை அப்படியல்ல. அவர்களது ஏரியிலும் வயலிலும் பறவைகள் இரை தேடுகின்றன. எச்சமோ வேடந்தாங்கல் ஏரியில் சேர்கிறது. சத்து நிறைந்த நீர் அந்த ஏரியின் ஆயக்கட்டுக்கே பாய்கிறது. ஏரி மீனை ஏலம் எடுத்தவருக்கு நீர்க்காகம் போட்டியாளர். சரணாலய எல்லைக்குள் இருப்பதால், புதிய தொழில்கள் தொடங்குவதற்கும் கட்டுப்பாடு. ஆக, சுமை ஓரிடத்தில், பயன் வேறிடத்தில்.

1798ஆம் ஆண்டின் கவுல் ஓர் ஊரோடு செய்துகொண்டது. 1998ஆம் ஆண்டின் வட்டமோ, எந்தக் கவுலும் இல்லாத பல ஊர்களை உள்ளே கொண்டுவந்தது. எல்லைச் சுருக்கத்துக்கு எதிரான குரல்கள் வலுவாக ஒலித்தபோது இந்த வேறுபாடு போதிய அளவு பேசப்படவில்லை என்றே தோன்றுகிறது. ஏரிகளைத் தூர்வாருவது, வரத்துக் கால்வாய்களைச் சீர்செய்வது, பூச்சிக்கொல்லி குறைந்த நெல் சாகுபடிக்கு உதவி, சுற்றுலா வருவாயில் பங்கு ஆகியவற்றின் வழியாக அந்த ஊர்களுக்கும் பயன் சென்றால், அடுத்த முறை 'சீரமைப்பு' என்ற சொல் வரும்போது எதிர்ப்பு வட்டத்தின் விளிம்பிலிருந்தே எழும்.

இதற்கு ஒரு முன்மாதிரி அண்டை மாநிலத்தில், பெங்களூரு - மைசூரு வழித்தடத்துக்கு அருகே இருக்கிறது. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டம் மத்தூர் வட்டத்தில் உள்ள கொக்கரே பெள்ளூரில், கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் ஏரியில் அல்லாமல், ஊர் நடுவே வீட்டு முற்றத்துப் புளியமரங்களில் கூடு கட்டுகின்றன. ஷிம்ஷா ஆறும் சுற்றியுள்ள ஏரிகளும் அவற்றின் இரைக்களம். கூடு உள்ள மரத்தில் புளி உலுக்க முடியாது. மர உரிமையாளருக்கு அது வருமான இழப்பு. 1970களின் பிற்பகுதியில் இவ்வூரின் சிறப்பு வெளியுலகுக்குத் தெரியவந்த பின்னர், கர்நாடக வனத்துறை அந்த இழப்புக்கு மரக் கணக்கில் இழப்பீடு வழங்கத் தொடங்கியது. மரத்தடியில் குழி வெட்டி, விழும் எச்சத்தைச் சேகரித்து, ஏரி வண்டலுடன் கலந்து உரமாக்கும் வழக்கமும் அங்குண்டு. கன்னடத்தில் கூழைக்கடாவைக் குறிக்கும் பெயரைத் தாங்கிய 'ஹெஜ்ஜார்லே பளக' என்ற உள்ளூர்க் குழு, கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வளர்த்து வந்துள்ளது. 2007இல் இப்பகுதி சமுதாயக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்தைப் போலன்றி, இவ்வகைக் காப்பகத்தின் நிர்வாகக் குழுவில் ஊராட்சியின் பிரதிநிதிகளுக்குச் சட்டப்படியே இடமுண்டு.

அங்கும் எல்லாம் சீராக இல்லை. இழப்பீடு போதவில்லை, காலத்தில் வருவதில்லை என்ற குறைகள் தொடர்ந்து எழுகின்றன. ஆயினும், பறவையால் ஒருவருக்கு நேரும் இழப்பைக் கணக்கிட்டு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை அங்கு ஏற்கப்பட்டுவிட்டது.

வெடிச் சத்தம் இல்லாத தீபாவளி

சட்டமும் இழப்பீடும் எட்டாத இடங்களில் வழக்கம் நிற்கிறது. தீபாவளி பெரும்பாலும் அக்டோபர் இறுதியிலோ நவம்பர் தொடக்கத்திலோ வருகிறது. பறவைகள் வந்திறங்கி, இடத்தைத் தேர்ந்துகொள்ளும் நேரமும் அதுவே. ஒரே இரவின் வெடிச் சத்தம், பறவைகள் இடத்தைக் கைவிட்டுச் செல்லப் போதுமானது. வேடந்தாங்கலில் மக்கள் பட்டாசு வெடிப்பதைத் தவிர்த்து வருகின்றனர். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும், ஈரோடு மாவட்டம் வெள்ளோடு சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இதே வழக்கம் உள்ளது. ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு முந்தைய நாள் இந்த ஊர்கள் செய்தியாகின்றன; மறுநாள் மறக்கப்படுகின்றன. பட்டாசு கேட்கும் குழந்தையிடம் ஏன் கூடாது என்று பெற்றோர் விளக்குவது ஒரு நாள் நிகழ்வல்ல. ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகச் செய்ய வேண்டிய பணி அது.

இப்போதைய கவலைகள்

மழையின் போக்கு முதற்கவலை. வடகிழக்குப் பருவமழை தாமதமானால் கூடு கட்டுவதும் தாமதமாகி, குஞ்சுகள் பறக்கும் முன்பே ஏரி வற்றத் தொடங்கும். வரத்துக் கால்வாய்கள் தூர்ந்தாலோ, ஆக்கிரமிக்கப்பட்டாலோ, நல்ல மழை பெய்தும் ஏரி நிரம்பாது. எச்சம் அளவுக்கு மீறினால் நீரில் பாசி பெருகி, உயிர்வளி குறையும் என்பது மற்றொன்று. ஆண்டுதோறும் வயலுக்கு நீர் பாய்ந்து, ஏரி வற்றி, மீண்டும் புதுநீர் சேர்வதே இதற்கு இயற்கையான தீர்வு. பாசனம் நின்றுபோனால் இந்தச் சுழற்சியும் நின்றுவிடும். அந்த வகையில், மதகைத் திறந்து நெல் பயிரிடும் உழவரும் பறவைப் பாதுகாப்பில் பங்காளியே.

மரங்களின் முதுமை அதிகம் பேசப்படாத கவலை. பல ஆண்டுகள் கூடுகளின் எடையையும் எச்சத்தின் காரத்தையும் தாங்கிய மரங்கள் பட்டுப்போகின்றன. நீர் சூழ்ந்த மரங்கள் குறைந்தால், கூடு கட்ட இடமும் குறையும். கோடையில் ஏரி வற்றும்போது, படுகையில் மண்மேடுகள் அமைத்து அவற்றின் மீது கன்றுகள் நடப்படுகின்றன. அக்கன்று அடுத்த பருவமழைக்குள் நீர்மட்டத்துக்கு மேல் தலைநீட்டும் உயரத்துக்கு வளர்ந்திருக்க வேண்டும். ஒரு நாரையின் கூட்டைத் தாங்கும் கிளை விடுவதற்கு அதன் பிறகும் பல ஆண்டுகள் ஆகும்.